ஒரே ஆல்பம், ரெண்டு முகம்: இஸானின் தனி வழி

பிளாக் மெட்டல்னு சொன்னதும் பலருக்கு என்ன ஞாபகம் வரும்? வெள்ளை பெயின்ட் பூசின முகம், அலறல், 90கள்ல நார்வேயில எரிஞ்ச சர்ச்சுகள். இன்னைக்கு நாம பேசப்போறது அந்தக் காலத்துல இருந்து வந்து, இன்னமும் புதுசா எழுதிட்டு இருக்கிற ஒருத்தரைப் பத்தி. பேரு இஸான்.

எம்பரர் பேண்டோட பாடகர், கிட்டாரிஸ்ட். 'இன் த நைட்சைட் எக்லிப்ஸ்' ஆல்பத்தை 1993ல பதிவு பண்ணப்போ அவருக்கு வயசு 17. பேண்ட்ல இருந்த சிலர் கொலை, சர்ச் எரிப்பு வழக்குகள்ல ஜெயிலுக்குப் போனாங்க. அதை மறைச்சுட்டு இந்த இசையைப் பேசுறது நேர்மை இல்லை.

ஆனா அந்த ஆல்பத்துல ஒரு விஷயத்தைக் கவனிங்க. கிட்டார் இரைச்சலுக்குப் பின்னாடி கீபோர்டு, ஒரு பெரிய ஆர்கெஸ்ட்ரா மாதிரி வாசிக்க ஆசைப்படுது. அந்த ஆசையோட பின்கதைதான் இஸானோட தனி ஆல்பங்கள்னு எனக்குத் தோணுது.

எம்பரர் 2001ல கலைஞ்சது. 2006ல முதல் தனி ஆல்பம் வந்துச்சு. 2010ல 'ஆஃப்டர்' ஆல்பத்துல சாக்ஸபோன் உள்ள வந்துச்சு. 2020ல ரெண்டு இ.பி.: 'டெலிமார்க்', தன்னோட சொந்தப் பகுதியோட பேர்ல, நார்வே மொழிப் பாட்டுகளோட, 'ஃபாரோஸ்', அலறலை ஒதுக்கி வெச்சுட்டு, 'ஆ-ஹா' பாட்டு ஒண்ணையும் சேர்த்து.

அப்புறம் பிப்ரவரி 2024. தன் பேரையே தலைப்பா வெச்ச ஆல்பத்தை ரெண்டு வடிவத்துல வெளியிட்டார். ஒண்ணு முழு மெட்டல். இன்னொண்ணு அதே பாட்டுகள், ஆனா கிட்டாரும் டிரம்ஸும் குரலும் இல்லாம, ஆர்கெஸ்ட்ரா மட்டும். அது தனியாவே நிக்கணும்னு யோசிச்சு எழுதினது.

இதுல பெரிய ரிஸ்க் இருக்கு. இரைச்சலை எடுத்துட்டா, உள்ள இசை இருக்கா இல்லையான்னு அம்பலமாயிடும். 'பில்கிரிமேஜ் டு ஒப்ளிவியன்' பாட்டை ரெண்டு வடிவத்துலயும் அடுத்தடுத்து கேளுங்க. அலறல் போயிடுது, பயம் போகலை. அப்போ பிளாக் மெட்டல்ங்கிறது சத்தமா, மனநிலையா? என் பதில், மனநிலை.

எம்பரர் இப்பவும் மேடை ஏறுது, பழைய பாட்டுகளை வாசிக்குது. ரசிகர்கள் கேக்குற 90களை அங்க குடுத்துட்டு, வீட்டுக்கு வந்து வேற ஒண்ணை எழுதுறார் இந்த மனுஷன். 17 வயசுல செஞ்ச ஒரு விஷயத்துக்காகவே காலம் முழுக்க கொண்டாடப்படுறது, ஒரு கலைஞனுக்கு நல்ல சிறை. அதை உடைக்காமலேயே ஒரு வாசல் வெச்சுக்கிட்டார்.

முதல்ல ஆர்கெஸ்ட்ரா வடிவம், அப்புறம் மெட்டல். ஹெட்போன் கட்டாயம். கேட்டுட்டு சொல்லுங்க, அடுத்த எபிசோட்ல பேசுவோம்.