முப்பத்தைந்தில் ஒரு பங்கு

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



பண்ணிசைப் போட்டிக்கும் பேச்சுப் போட்டிக்கும் பரிசில் வழங்கும் இம்மேடையிலே, யுத்த தாங்கி ஒன்றின் மாதிரியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்துவிட்டு நாம் பேச எழுந்திருக்கிறோம். இது பொருந்துமா என்று சிலர் நினைப்பது எமக்குத் தெரியும். நேரிலே கேட்டவர்களும் உண்டு. "தம்பிமார், இதின்ரை சத்தம் கேட்டுப் பதுங்குகுழிக்குள்ளை ஓடின ஆக்கள் நாங்கள். இதைக் காசு குடுத்து வாங்கி, பசை போட்டு ஒட்டி, வீட்டுக்குள்ளை வைக்கிறதோ?" என்று எம் பெரியவர்களுள் ஒருவர் கேட்டார். கேட்கத்தக்க கேள்விதான். இளைஞர் பக்கத்திலோ வேறு ஒரு குறை இருக்கிறது. 2009ஆம் ஆண்டுக்குப் பின் பிறந்தவர்களுக்கு இது கைத்தொலைபேசி விளையாட்டிலே விரலால் ஓட்டும் பொருள். அடிபட்டால் மறையும், மறு நிமிடம் முழுதாகத் தோன்றும். ஒரு சாராருக்குப் பூதம், மறு சாராருக்குப் பொம்மை. இவ்விரு சாராரும் இந்தப் பொருளை ஒருமுறையேனும் நின்று பார்த்ததில்லை என்பதே எமது எண்ணம். பூதத்தைக் கண்டவர் ஓடினார். பொம்மையைக் கண்டவர் விளையாடினார்.

மேசைமேல் உள்ளது ரி-55 என்னும் சோவியத்துத் தாங்கி. 1958ஆம் ஆண்டு முதல் செய்யப்பட்டது. இதற்கு முன்வந்த ரி-54ஐயும் சேர்த்தால், உலகிலே இதைவிட அதிகமாகச் செய்யப்பட்ட தாங்கி வகை வேறில்லை. 1990களிலிருந்து இலங்கைப் படையிடமும் இருந்து வந்தது. மாதிரி 35இல் 1 பங்கு. அதாவது, மெய்யான வாகனத்திலே 35 சென்ரிமீற்றர் உள்ள இடம் இங்கே 1 சென்ரிமீற்றர். வாகனத்தின் உயரம் ஏறக்குறைய 2.4 மீற்றர், இங்கே 7 சென்ரிமீற்றருக்கும் சற்றுக் குறைவு. பீரங்கியோடு சேர்த்து நீளம் 9 மீற்றர்; இங்கே ஒரு சாணுக்குச் சற்று அதிகமாக வரும். நம்மவர் ஒருவரை இதே அளவிற் செய்து பக்கத்தில் நிறுத்தினால் அவர் 5 சென்ரிமீற்றர்கூட வரமாட்டார்.

அதென்ன 35 என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. 30 என்றோ 40 என்றோ வைத்திருந்தால் கணக்கு இலகுவாயிருக்குமே. யப்பானிலே ஷிசுவோகா நகரத்துத் தமியா நிறுவனத்தார் 1960களின் தொடக்கத்தில் ஜெர்மானியரின் பாந்தர் தாங்கியை மாதிரியாகச் செய்தபோது, உள்ளே மோட்டாரும் மின்கலங்களும் வைக்க வேண்டியிருந்தது. அவை அடங்கும்படி உடலை அமைத்தார்கள். பிறகு கணக்குப் பார்த்தால் அது ஏறத்தாழ 35இல் 1 பங்காக இருந்தது. பின்வந்த நிறுவனங்கள் பலவும் அதையே பிடித்துக்கொண்டன. மின்கலத்தின் பருமனுக்காக எழுந்த அளவு உலகத்து அளவாகிவிட்டது!

இந்தத் தமியாவின் கதையிலே எமக்கு இன்னொன்றும் முக்கியம். 1945 ஜூனிலே ஷிசுவோகா நகரம் விமானக் குண்டுகளால் எரிந்தது. அடுத்த ஆண்டு அந்நகரத்திலே மரம் அரியும் ஆலையாகத் தொடங்கியதுதான் இந்நிறுவனம். பின் மரத்தால் மாதிரிகள் செய்தார்கள். 1951இலே தீயிற் பெரும் நட்டப்பட்டார்கள். 1960இலே பிளாஸ்ரிக்குக்கு மாறினார்கள். யுத்தத்தால் எரிந்த ஊரவர்களே யுத்த வாகனங்களின் சிற்றுருவங்களை உலகுக்குச் செய்து கொடுத்தார்கள் என்பதை, எம்மைக் கேள்வி கேட்ட பெரியவருக்கு ஒரு செய்தியாகச் சொல்லுகிறோம், சமாதானமாக அல்ல. அவர்கள் செய்தார்கள் என்பதற்காக நாமும் செய்யலாம் என்று ஆகிவிடாது.

பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிரித்தானியர் முதல் உலக யுத்தத்தின்போது இந்த இயந்திரத்தை இரகசியமாகச் செய்தார்கள். செய்வது என்னவென்று எவருக்கும் தெரியாதிருக்க, தண்ணீர்த் தாங்கி என்று சொல்லிவைத்தார்கள். 1916 செப்ரெம்பர் 15ஆந் திகதி பிரான்சின் சொம் போர்க்களத்திலே அது வெளிப்பட்டபோதும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. நம் நாட்டுத் தமிழிலே வீட்டுக் கூரைமேல் இருப்பதும் தாங்கி, வீதியால் வந்ததும் தாங்கி. அவர்கள் சொன்ன பொய் எமது மொழியிலும் அப்படியே வந்து குடியேறியிருக்கிறது.

இனிச் செய்முறைக்கு வருவோம். பெட்டியைத் திறந்தால் பிளாஸ்ரிக் சட்டங்களிலே நூற்றுக்கணக்கான சிறு பாகங்கள் காய்போலத் தொங்கும். குறட்டினால் வெட்டி, அலகினாற் சீவி, மணற்கடதாசியால் தேய்த்து, சாமணத்தாற் பிடித்து ஒட்ட வேண்டும். இதையெல்லாம் பெட்டியிலுள்ள தாளே படம் போட்டுக் காட்டும். தாள் காட்டாதவற்றையே இங்கே சொல்ல விரும்புகிறோம்.

முதலாவது, சில்லுகள். ஒரு பக்கத்திலே ஐந்து பெருஞ் சில்லுகள். முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் நடுவே மட்டும் இடைவெளி அதிகம். ரி-55ஐ அடையாளங் காண்பதற்கு இதுவே வழி. பின்வந்த ரி-62இலே இடைவெளி பின்புறச் சில்லுகளுக்கு இடையே போய்விட்டது. இரண்டாவது, இரும்புச் சங்கிலி. ஒரு பக்கத்துக்கு 90 கண்ணிகள். சில பெட்டிகளிலே இது ஒரே வாராக வரும். சிலவற்றிலே ஒவ்வொரு கண்ணியும் தனித்தனியே. தனிக் கண்ணிகளைக் கோப்பது பூமாலை கட்டுவதைவிடப் பொறுமை வேண்டும் வேலை. ஆனால் அதுவே நல்லது. ஏனெனில் இந்த வாகனத்திலே சங்கிலியின் மேற்பகுதியைத் தாங்கச் சிறு உருளைகள் இல்லை. அது தன் பாரத்தாலே தொய்ந்து சில்லுகளின் தலையிற் படிந்துகிடக்கும். அந்தத் தொய்வு இல்லையென்றால், மற்றெல்லாம் சரியாயிருந்தாலும் மாதிரி காகிதப் பூப்போலப் பாரமின்றி நிற்கும். மெய்யான வாகனத்தின் நிறை 36 தொன் என்பதைப் பார்ப்பவருக்குச் சொல்ல இந்தத் தொய்வைவிட வேறு சாட்சி வேண்டாம்.

மூன்றாவது, மேற்பரப்பு. உடல் தகடுகளைப் பற்றவைத்துச் செய்தது. ஆகவே வழவழப்பாக, மூட்டுகளில் மட்டும் தழும்போடு இருக்கும். மேலே சுழலும் கோபுரமோ வார்ப்பு. உருக்கி அச்சில் ஊற்றியது. வார்த்த இரும்பு சொரசொரப்பாக இருக்கும். பசையைத் தடவி, அது காயுமுன் பழைய தூரிகையின் நுனியாற் குத்திக் குத்தி அந்தச் சொரசொரப்பை உண்டாக்கினோம்.

இவ்வளவு கண்ணூன்றுவதால் ஆவதென்ன? 1942இலே அமெரிக்கக் கடற்படையார் தம் நாட்டுப் பாடசாலை மாணவரிடம் விமான மாதிரிகள் 5 இலட்சம் செய்து தரும்படி கேட்டார்கள். 72இல் 1 பங்கு அளவிலே மரத்தாற் செய்தவை. எதிரி விமானம் எது, தம் விமானம் எது என்று தூரத்திலேயே அறிய வீரரைப் பழக்குவதற்காக. அந்தப் பயன் எமக்கு வேண்டியதில்லை. ஆனால் செய்தவர் கண் வேறு, பார்த்தவர் கண் வேறு என்பதை அந்தக் கடற்படையார் அறிந்திருந்தார்கள்.

இப்போது பெரியவரின் கேள்விக்கு வருவோம். விடை கோபுரத்தின் உள்ளே இருக்கிறது. உட்பாகங்களோடு வரும் மாதிரிகளும் உண்டு. எமது மாதிரி உள்ளே வெறுமையாக வந்தது. படங்களைப் பார்த்து, மட்டையாலும் ஈர்க்காலும் உள்ளறையை நாமே அமைத்தோம். அப்போதுதான் தெரிந்தது, நாலு மனிதர் இருக்க வேண்டிய இடம் எவ்வளவு சிறிதென்று. முன்னே இடப்பக்கத்திற் சாரதி. அவருடைய வலப்பக்கத்திலே, கையெட்டும் தூரத்தில், 18 பீரங்கிக் குண்டுகளும் எரிபொருளும் ஒரே அடுக்கில். கோபுரத்துள்ளே மூவர். குண்டு போடுபவர் பீரங்கிக்கு வலப்புறத்தில் நிற்பதால் இடக்கையாலே தள்ள வேண்டும். நெடிய ஆட்களுக்கு இதற்குள்ளே இடமில்லை. கோபுரத்தின் முன்கவசம் ஏறத்தாழ 20 சென்ரிமீற்றர் தடிப்பு. மாதிரியிலே 6 மில்லிமீற்றர்கூட இல்லை. அந்த 6 மில்லிமீற்றருக்குப் பின்னால் ஒரு மனிதனை இருத்தும்போது, அவன் யாராயிருந்தாலும், எந்த ஊர்த் தாய்க்குப் பிறந்தவனாயிருந்தாலும், கை சற்று நின்றுவிடுகிறது. வெளியே நின்று ஓடிய எம்மவருக்கு அது மூச்சுவிடும் மலை. உள்ளேயிருந்தவனுக்கு அது எரிபொருளோடு பூட்டிய தகரப் பெட்டி. இந்த இரண்டையும் ஒருங்கே காண்பதற்கு, இதைவிட வேறு வழியை நாம் அறியோம். ஓடிய கால்களை மறப்பதற்காக நாம் இதைச் செய்யவில்லை, ஐயா.

ரி-55 முடிந்த பின் "பவல்" செய்ய விரும்பினோம். மன்னார் வீதியிலே பெரியவர்கள் நாள்தோறும் கண்டது அதைத்தானே. பெட்டி கிடைக்கவில்லை, கடதாசி மட்டையால் தொடக்கத்திலிருந்தே செய்தோம். இது 1970களின் பிற்பகுதியிலே தென்னாபிரிக்காவில், யுனிமொக் லொறியின் அடிச்சட்டத்தின்மேல் அமைக்கப்பட்டது. இதைப் பின்பற்றி இலங்கைப் படையினர் யுனிகோன் என்ற வாகனத்தைத் தாமே செய்தார்கள். உயரம் ஏறக்குறைய 3 மீற்றர். தாங்கியைவிட உயரம்! ஏன் என்று இளைஞர் யோசிக்க வேண்டும். தாங்கி, எதிரியின் கண்ணிற் படக்கூடாதென்று பதுங்கிக் கிடக்கிறது. பவலோ நிலத்துக்கு அஞ்சி எட்டி நிற்கிறது. அதன் அடிவயிறு தோணியின் அடிபோல இருபுறமும் சரிந்து நடுவிற் கூரானது. கீழே கண்ணிவெடி வெடித்தால் அதன் வேகம் தட்டையான அடியிலே முழுதாக மோதாமல், சரிவுகளில் வழுகி இருபக்கமும் போய்விடும். உள்ளே இருப்பவர் முதுகோடு முதுகாய் இரு வரிசையில், வாரினாற் கட்டுண்டு வெளியே பார்த்திருப்பர். பள்ளிமுனை, பேசாலைப் பிள்ளைகளுக்குத் தோணியின் அடியை எவரும் படிப்பிக்க வேண்டியதில்லை. மட்டையை மடித்துக் காட்டியவுடனே விளங்கிக்கொண்டார்கள்.

வாகனத்துக்குச் செய்த இந்த அடிவயிறு, வயலுக்குப் போனவருக்கும் விறகுக்குப் போனவருக்கும் இல்லை. கண்ணிவெடிக்கு வாகனம் எது, மனிதக் கால் எது என்று தெரியாது. கண்ணிவெடிகளை விலக்கும் சர்வதேச உடன்படிக்கையிலே இலங்கை 2017 டிசெம்பரிற் சேர்ந்தது. எம் மாவட்டத்திலே மாக் என்னும் நிறுவனத்தின் பணியாளர், எம்மூர்ப் பெண்களும் உட்பட, முழந்தாளிட்டு அங்குலம் அங்குலமாக மண்ணைக் கிளறிச் சுத்தஞ் செய்திருக்கிறார்கள். பவலின் பக்கத்திலே அப்படி முழந்தாளிட்ட பெண் ஒருத்தியின் உருவத்தையும் செய்து வைத்திருக்கிறோம். முகக்கவசம் ஒரு மாத்திரைத் தாளின் பிளாஸ்ரிக்கிலிருந்து வெட்டியது. எமது வேலைகளிலே எமக்கு மிகப் பிடித்தது அதுதான்.

வர்ணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்வோம். சோளகக் காற்றுக் காலத்திலே மன்னார்த் தீவில் வர்ணம் பூசக்கூடாது. ஈரமான வர்ணத்தின்மேல் மணல் வந்து ஒட்டும். அரை மில்லிமீற்றர் மணல் ஒன்று இந்த அளவிலே கூழாங்கல்லாகிவிடும். வாடைக்காற்றிலே ஈரப்பதன் கூடிப் பூச்சுக் காயப் பிந்தும். இரண்டுக்கும் இடைப்பட்ட மாதங்களில், யன்னலைச் சாத்திவிட்டுப் பூசுவது நலம். சேறும் தூசியும் காட்ட விலைகொடுத்துப் பொடிகள் வாங்க வேண்டாம். தீவின் மண் வெண்மணல். பாலத்தைக் கடந்து முருங்கனுக்குப் போனால் களிமண் கறுத்துப் பிசினாய் இருக்கும். இரண்டையும் காயவைத்து, இடித்து, பழைய சேலைத் துணியாற் சலித்தெடுத்தோம். தாங்கியின் சங்கிலியிலே காண்பது முருங்கன் மண். மழைக்காலத்து முருங்கன் வயலிலே உழவு இயந்திரம் புதைந்து நின்றதைக் கண்டவர்கள், அந்த மண்ணிலே 36 தொன் என்ன பாடுபட்டிருக்கும் என்று அறிவார்கள்.

கடைசியாக, காட்சித்தளம். தாங்கியை வெறும் பலகையிலே நிறுத்தாமல் ஒரு பனைக்குக் கீழே நிறுத்த விரும்பினோம். வெளிநாட்டுப் புத்தகங்களிலே மரங்களை வாகனத்துக்கு ஏற்றபடி குறுக்கிவிடுவதைக் கண்டோம். வாகனம் பெரிதாகத் தோன்ற வேண்டுமென்று அப்படிச் செய்கிறார்கள் போலும். நாம் கணக்குத் தவறாமற் செய்தோம். 15 மீற்றர்ப் பனை 43 சென்ரிமீற்றர். தாங்கி அதன் காலடியிலே 7 சென்ரிமீற்றருக்குள் கிடக்கிறது. வட்டு இழந்த மொட்டைப் பனை ஒன்று, வட்டோடு ஒன்று, மண்ணிலே ஒரு வடலி. இப்போது சங்கத்துக் கண்ணாடி அலுமாரிக்குள் இது அடங்கவில்லை. பனையை அறுக்கலாமே என்று யோசனை சொன்னவர்களும் உண்டு. தச்சாசாரியாரிடம் உயரமான பெட்டி ஒன்றுக்குச் சொல்லியிருக்கிறோம்; வேப்பம் பலகை தருவதாகச் சொன்னவர்கள் அதைத் தைப்பூசத்துக்கு முன் அனுப்பிவைத்தால் உதவியாயிருக்கும்.