பிள்ளையை யார் பார்ப்பது?

(தொழிலாளர் கூட்டமொன்றில் பேசியதன் சாரம்)



பிள்ளை பெற்ற பெண் மறுபடியும் வேலைக்குப் போவதற்கு முன் என்னென்ன ஏற்பாடு செய்யவேண்டும் என்பதைப்பற்றிப் பேசும்படி நம்மைக் கேட்டிருக்கிறார்கள். இது பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளவேண்டிய சங்கதி, இதற்கு ஆண்கள் கூட்டம் எதற்கு என்று சிலர் நினைக்கக்கூடும். அப்படி நினைக்கிறவர்கள் இங்கு வந்திருப்பதைப்பற்றி நமக்கு நிரம்பவும் சந்தோஷம். பிள்ளை பெறுவதற்கு இரண்டு பேர் வேண்டும், வளர்ப்பதற்கு மாத்திரம் ஒருத்தி போதும் என்கின்ற கணக்கு எங்கிருந்து வந்தது என்பதை அவர்களிடந்தான் கேட்கவேண்டியிருக்கிறது.

பெண் வேலைக்குப் போனால் குழந்தை கெட்டுவிடும் என்று சொல்லுகிறவர்கள் நாற்று நடுகிறவளையும், களை எடுக்கிறவளையும், செங்கற்சூளையில் மண் சுமக்கிறவளையும் பார்த்து ஒரு நாளாவது அப்படிச் சொன்னதுண்டா? அவள் வரப்போரத்து மரத்தில் பழஞ்சேலையால் தூளி கட்டிப் பிள்ளையைப் போட்டுவிட்டு வேலை செய்தபோது ஒருவருக்கும் குழந்தையின்மேல் அக்கறை பிறக்கவில்லை. பெண்ணுக்கு மாதச் சம்பளமும், உட்கார ஒரு நாற்காலியும் கிடைத்த பிறகுதான் இந்த அக்கறையெல்லாம் பிறந்தது.

அந்தத் தூளியை ஆட்டினது யார் என்பதையும் கவனியுங்கள். எட்டு வயது அக்காள்! தம்பியைப் பார்த்துக்கொள் என்று நிறுத்திவிட்டதனால் பள்ளிக்கூடத்தையே பாராமல் போன பெண்கள் இந்தக் கூட்டத்திலேயே எத்தனை பேர் இருப்பார்கள்? ஆறு முதல் பதினான்கு வயது வரை இலவசக் கட்டாயக் கல்வி என்று 2009-ம் வருஷத்தில் சட்டமே வந்துவிட்டது. ஆனாலும் கைக்குழந்தைக்கு வேறு ஏற்பாடு இல்லாத வீட்டில் முதலில் வகுப்புக்கு மட்டம் போடுவது பெண் பிள்ளையாகவே இருக்கிறது. ஆகவே ஒரு தாய்க்கு ஏற்பாடு இல்லாமல் போனால் கெடுவது இரண்டு தலைமுறை.

மற்ற தேசங்களில் இதற்கு என்ன செய்தார்கள் என்று பார்ப்போம். பாரிஸ் நகரத்தில் மார்போ என்பவர் 1844-ம் வருஷத்தில் வேலைக்குப் போகும் ஏழைத் தாய்மார்களின் கைக்குழந்தைகளுக்கென்று ஒரு விடுதி ஆரம்பித்தார். தாய் இடையில் வந்து பால் கொடுத்துவிட்டுப் போகலாம். அதற்கு அவர் வைத்த பெயர்தான் கிரெச் என்பது. மாட்டுக்குத் தீனி வைக்கும் தொட்டி என்று அர்த்தம். ஏசு பிறந்து கிடத்தப்பட்ட இடம் என்பதற்காக அந்தப் பெயராம். பெயர் எதுவாயிருந்தாலென்ன? குழந்தையைக் காத்தது தொட்டியுமல்ல, ஜெபமுமல்ல. கூலி கொடுத்து அமர்த்தப்பட்ட தாதிகள்!

நம் தேசத்துச் சங்கதி வெட்கக்கேடானது. பம்பாய் பஞ்சாலைகளில் வேலை செய்த தாய்மார்கள் பிள்ளை அழாமல் தூங்கிக் கிடக்கட்டும் என்று அபின் உருண்டை கொடுத்துவிட்டு வேலைக்குப் போனார்கள். அவர்களைக் கொடியவர்கள் என்று சொல்லுகிறவன் அவர்களுக்கு வேறு என்ன வழி இருந்தது என்பதையும் சொல்லவேண்டும். 1929-ல் நியமிக்கப்பட்ட ராயல் தொழிற் கமிஷன் ஆலைகளில் குழந்தைகள் அறை வேண்டுமென்று எழுதிற்று. 1934, 1948 பாக்டரிச் சட்டங்களிலும் அது ஏறிற்று. கட்டிட வேலை நடக்கும் இடங்களிலோ 1969 வரை அதுபற்றி நினைப்பாருமில்லை. அந்த வருஷம் டில்லியில் மீரா மகாதேவன் என்ற பெண்மணி, மண் குவியலில் கிடந்த சித்தாட் குழந்தைகளைக் கண்டு அங்கேயே ஒரு விடுதி தொடங்கினார்.

நிற்க, இன்றைக்குச் சட்டம் என்ன சொல்லுகிறதென்பதை நம் தோழர்கள் தெரிந்து வைத்துக்கொள்ளவேண்டும். 1961-ம் வருஷத்துப் பிரசவ உதவிச் சட்டத்தில் பன்னிரண்டு வாரம் என்றிருந்த சம்பளத்தோடு கூடிய விடுமுறையை 2017-ல், முதல் இரண்டு பிள்ளைகளுக்கு, 26 வாரமாக்கினார்கள். 2020-ம் வருஷத்துச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் அதுவே இருக்கிறது. பிரசவத்திற்கு முந்தின பன்னிரண்டு மாதத்தில் 80 நாள் வேலை செய்திருக்கவேண்டும். ஐம்பது பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும், தாய் நாளொன்றுக்கு நான்கு தடவை போய்ப் பார்த்துவரலாம். பிள்ளைக்குப் பதினைந்து மாதமாகும் வரை பால் கொடுக்க இரண்டு இடைவேளை உண்டு. விடுமுறையில் இருப்பதற்காக வேலையை விட்டு நீக்கக்கூடாது. தமிழ்நாட்டு சர்க்கார் உத்தியோகத்திலுள்ள பெண்களுக்கோ 2021 முதல் பன்னிரண்டு மாதம். மகிழ்ச்சிதான். ஆனால் ஜவுளிக்கடையில் பதினைந்து பேரில் ஒருத்தியாய் நிற்கிறவளுக்குக் காப்பகம் ஏது? வீட்டு வேலை செய்கிறவளுக்கு விடுமுறைதான் ஏது? ஐம்பது என்று சட்டம் சொன்னால் நாற்பத்தொன்பது பேரோடு கணக்கை நிறுத்திக்கொள்ளும் முதலாளிக்குப் புத்தி சொல்லிக்கொடுக்க நாம் யார்? அறை கட்டிக் கதவில் பெயரும் எழுதிவிட்டு, உள்ளே காலிச் சாக்கு அடுக்கி வைத்திருக்கும் இடத்தையும் நாம் கண்டிருக்கிறோம்.

இனி வீட்டில் செய்யவேண்டியதைப் பார்ப்போம். 26 வாரம் என்பது ஆறு மாதம். ஆறு மாதம் வரை தாய்ப்பால் ஒன்றே போதும் என்பது வைத்தியர்கள் அபிப்பிராயம். பிரசவத்திற்கு முன்னாலேயே சில வாரத்தை எடுத்துக்கொண்டவள் நாலைந்து மாதப் பிள்ளையை விட்டுவிட்டுத்தான் திரும்பவேண்டும். அவள் பாலைப் பீய்ச்சி வைத்துவிட்டுப் போகலாம் என்றால் உடனே கிழவிகள், பீய்ச்சின பால் தீட்டு, கண்ணேறு படும், மார் வற்றிப்போகும் என்கிறார்கள். பால் எடுக்க எடுக்கத்தான் ஊறும், எடுக்காமல் விட்டால்தான் வற்றும். கிணறு வெட்டின ஊரில் பிறந்தவர்களுக்கு இதைக்கூடச் சொல்லவேண்டியிருக்கிறது! கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, கொதிநீரில் போட்டெடுத்த மூடியுள்ள பாத்திரத்தில் பீய்ச்சினால், வெளியில் நான்கு மணி நேரம் வரையிலும், குளிர்ப்பெட்டியில் நான்கு நாள் வரையிலும் வைக்கலாம். நம் சித்திரை வெயிலில் வெளியில் அவ்வளவு நேரம் வைக்காமலிருப்பது நல்லது. புட்டி வேண்டாம். நம் வீட்டுப் பாலாடை இருக்கிறதே, கழுவுவதற்கு அதைவிடச் சுலபமானது எது?

பிள்ளையை விடும் இடத்தை வேலைக்குத் திரும்புவதற்கு ஒன்றரை மாதத்திற்கு முன்பே தீர்மானித்துவிடவேண்டும். ஜாதகமும் நல்ல நாளும் பார்க்கிற நேரத்தில் அந்த இடத்தைப் போய்ப் பாருங்கள். சொல்லாமல் ஒரு மத்தியானம் போங்கள். ஒருத்தியிடம் எத்தனை கைக்குழந்தைகள்? மூன்றுக்கு மேலென்றால் நாம் விடமாட்டோம். தண்ணீர் காய்ச்சினதா? பிள்ளையை மல்லாக்கப் படுக்க வைக்கிறார்களா? அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் எட்டத்தில் இருக்கின்றனவா? எல்லாப் பிள்ளைகளும் பகல் முழுவதும் ஓசையில்லாமல் தூங்குகின்றனவென்றால் சந்தேகப்படுங்கள். அபின் போய்ச் சளி மருந்து வந்திருக்கலாம். தடுப்பூசி அட்டையின் நகலும், தகப்பன் டெலிபோன் நம்பரும் அங்கே இருக்கவேண்டும். தாய் நம்பர் மட்டும் போதாது!

முதல் சில நாள் தாய் கூடவே உட்கார்ந்திருந்து, பிறகு ஒரு மணி நேரம் விட்டு, பிறகு அரைநாள் விட்டுப் பழக்கவேண்டும். எட்டு மாதத்தை ஒட்டிப் பிள்ளை புதுமுகம் கண்டால் வீரிட்டு அழும். அதற்குமுன் பழகின முகமாய்ச் செய்துவிட்டால் இருவருக்கும் நிம்மதி.

பாட்டி பார்த்துக்கொள்ளட்டுமே என்பார்கள். பாட்டிக்கு இஷ்டமா என்று யாராவது கேட்டதுண்டா? மூட்டுவலியோடிருக்கும் அறுபது வயதுக் கிழவிக்குச் சம்பளமில்லாத உத்தியோகம் கொடுத்துவிட்டு, அதற்குப் பாசம் என்று பெயர் வைக்கிறோம். பாட்டி இஷ்டப்பட்டால் நல்லது. அப்போதும் அவளுக்கு வாரத்தில் ஒரு நாள் ஓய்வும் கையில் கொஞ்சம் பணமும் கொடுக்கவேண்டாமா?

அங்கன்வாடி இருக்கிறதே என்றால், 1975-ல் ஆரம்பித்த அந்தத் திட்டம் பெரிய காரியந்தான். ஆனால் அநேக இடங்களில் நடக்கத் தெரிந்த பிள்ளைகளைத்தான் உட்கார வைத்துக்கொள்ளுகிறார்கள். ஆறு மாதம் முதல் ஆறு வயது வரை பிள்ளைகளைப் பகலெல்லாம் வைத்துக்கொள்ளும் காப்பகத்தை அங்கன்வாடியோடு சேர்க்கும் பால்னா என்ற திட்டம் 2022-ல் வந்திருக்கிறது. உங்கள் ஊருக்கு அது ஏன் வரவில்லை என்று ஓட்டுக் கேட்க வருகிறவனைக் கேளுங்கள்.

கடைசியாகப் பணக் கணக்கு. மனைவிக்குச் சம்பளம் பன்னிரண்டாயிரம், ஆயாவுக்கு ஆறாயிரம் என்று வைத்துக்கொள்ளுவோம். உடனே புருஷன், "ஆறாயிரத்துக்காகவா நீ இவ்வளவு பாடுபடுகிறாய்? வீட்டிலேயே இரு" என்கிறான். ஆயா கூலியை அவள் சம்பளத்தில் மாத்திரம் கழிப்பானேன்? பிள்ளை அவளுக்கு மாத்திரம் பிறந்ததா? அவன் சம்பளத்தில் மூவாயிரம், அவள் சம்பளத்தில் மூவாயிரம் என்று கழித்துப் பார்க்கட்டும், கணக்கே மாறிவிடும். அன்றியும், மூன்று வருஷம் வேலையை விட்டால் மூன்று வருஷச் சம்பளம் மட்டும் போவதில்லை. சம்பள உயர்வு போகிறது, பிராவிடண்டு பண்டு போகிறது, வருஷக் கணக்கு போகிறது. திரும்பிப் போகும்போது நேற்று வந்தவளுக்குக் கீழே நிற்கவேண்டியிருக்கிறது. பிறகு ஒவ்வொரு ரூபாய்க்கும் புருஷன் கையைப் பார்க்கவேண்டியதுதான். மத்திய சர்க்கார் தன் ஆண் உத்தியோகஸ்தர்களுக்குப் பதினைந்து நாள் தகப்பன் விடுமுறை கொடுக்கிறது. தனியார் இடத்தில் வேலை செய்கிற தகப்பனுக்கு அதைக் கொடுக்கச் சட்டமில்லை. சட்டம் வரும் வரையில், இருக்கிற விடுமுறையில் ஒரு வாரத்தையாவது மனைவி வேலைக்குத் திரும்பும் வாரத்திற்கென்று வைத்து, பிள்ளையைத் தனியே பார்த்துப் பாருங்கள். பெண்டாட்டிதாசன் என்று தெருவில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்; அவர்கள் வந்து பிள்ளைக்கு மூத்திரத் துணி மாற்றப்போவதில்லை.

இந்த ஊர் மில் ஒன்றில் காப்பக அறை ஒன்றரை வருஷமாய்ப் பூட்டிக்கிடப்பதாகத் தோழர்கள் சொன்னார்கள். அறையைத் திறந்து இரண்டு ஆயாக்களைப் போடவேண்டுமென்று நிர்வாகத்துக்கு ஒரு மனு எழுதப்பட்டு, தலைவர் மேஜைமேல் இருக்கிறது. அதில் இதுவரை பதினொரு பெண்கள்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அதே மில்லில் வேலை செய்யும் தகப்பன்மார்கள் நாற்பது பேராவது இங்கே உட்கார்ந்திருப்பதாக நமக்குத் தெரிகிறது. பேனாவும் மேஜைமேலேயே இருக்கிறது.