படம் நம்ம படமா இருக்கட்டும்

(மகளிர் சுயதொழில் குழுக்களின் கூட்டத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



ஞாயிற்றுக்கிழமை உடுப்புக் கழுவுறது, விறகு தேடுறது எல்லாத்தையும் போட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். ஆகவே சுத்தி வளைக்காமல் விசயத்துக்கு வருகிறோம். நாம் வீட்டில் செய்து விற்கிற சாமான்களின் படத்தை பேஸ்புக்கிலும் வட்ஸ்அப்பிலும் போடுகிறோமே, அதைப் பற்றித்தான் இன்றைய பேச்சு.

முதலில் எங்கள் தவறைச் சொல்லிவிடுகிறோம். போன தீபாவளிக்கு ஒரு குழு முறுக்கும் மிளகாய்த் தூளும் செய்து கொழும்புக்கு அனுப்பியது உங்களுக்குத் தெரியும். அதற்கு ஒரு பிள்ளை இன்டர்நெட்டில் இருந்து ஒரு படம் எடுத்துப் போட்டான். பித்தளைத் தட்டு, வாழை இலை, பொன் நிறத்தில் முறுக்கு. பார்த்தால் வாய் ஊறும். "நல்லா இருக்கு, போடுங்க" என்று சொன்னதே நாங்கள்தான். ஓடர் வந்தது. இவர்கள் செய்ததோ குரக்கன் கலந்த முறுக்கு. ருசி நல்ல ருசி, ஆனால் நிறம் கறுப்பு. பொதி போய்ச் சேர்ந்ததும் ஒருவர் இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "அது வேற, இது வேற" என்று எழுதிவிட்டார். அது கைக்குக் கை மாறிப் போனது. பெரட்டுக்குப் போய், கொழுந்து எடுத்து, ராத்திரியில் கண் முழித்துச் சுட்ட முறுக்கு. அந்த அம்மாமார் ஒரு வார்த்தை எங்களை ஏசவில்லை. ஏசியிருந்தால் மனசு கொஞ்சம் ஆறியிருக்கும்.

முறுக்கில் குறை இல்லை. படம் நம்ம படம் இல்லை, அதுதான் குறை.

இது தேயிலைக்காரர்களுக்குப் புதுப் பாடமும் இல்லை. தேயிலையைப் பெட்டியில் இருந்து அள்ளி நிறுத்து விற்ற காலம் ஒன்று இருந்தது. தோமஸ் லிப்டன் 1890இல் இலங்கைக்கு வந்து தோட்டங்களை வாங்கினார். ஹப்புத்தளைப் பக்கம் அவர் உட்கார்ந்து பார்த்த இடத்தை இன்றைக்கும் லிப்டன் சீட் என்றுதானே சொல்கிறோம். அவர் தேயிலையைப் பொதியில் போட்டு, நிறையை அச்சடித்து, தன் பெயரையும் மேலே போட்டு விற்றார். கடையில் எந்தத் தட்டில் இருந்தாலும் இது இன்னாருடைய தேயிலை என்று சனம் கண்டுகொண்டது. ஒரே பெயர், ஒரே அடையாளம், திரும்பத் திரும்ப. இன்றைக்கு போனில் விரலால் தள்ளிக்கொண்டு போகிறவர் கண்ணுக்கும் அதே கதைதான்.

இன்னொன்று. கொழுந்து பறிக்கிற நம்ம பெண்களின் படம் நூறு வருசத்துக்கு மேலாக ஊர் உலகமெல்லாம் தேயிலை விற்றுக் கொடுத்திருக்கிறது. படத்தில் இருந்தவருடைய பேரைப் பெட்டியில் கண்டவர்கள் எத்தனை பேர்? இப்போது நம்ம சாமானை நம்ம படத்தால் நாமே விற்கலாம். ஆனால் யாருடைய முகத்தையும் கேட்காமல் போடாதீர்கள். பிள்ளைகள் என்றால் தாய் தகப்பனிடம் கேளுங்கள். "நம்ம லயத்துப் பிள்ளைதானே" என்று விட்டுவிடக் கூடாது.

அந்தக் குழு பிறகு என்ன செய்தது? ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒன்று கொழுந்துக் கூடை ஒன்றை நாலு கோட்டில் வரைந்து கொடுத்தது. அதுதான் இப்போது அவர்களின் அடையாளம். கூடையும் குழுவின் பெயரும் எல்லாப் படத்திலும் ஒரே மூலையில், ஒரே நிறத்தில் இருக்கும். அதையே கொமியூனிகேஷனில் ஸ்டிக்கராக அடித்துப் பொதியிலும் ஒட்டுகிறார்கள். போனில் பார்த்த கூடை கையில் வந்த பொதியிலும் இருந்தால் வாங்கியவருக்கு ஒரு நம்பிக்கை. கறுப்பு முறுக்கைக் கறுப்பாகவே படம் எடுத்து, "குரக்கன் முறுக்கு" என்று பெரிசாக எழுதினார்கள். இப்போது அதைத்தான் கேட்டு வாங்குகிறார்கள்.

அடையாளம் வரையும்போது சின்னதாக எண்ணிப் பாருங்கள். பேஸ்புக்கிலும் வட்ஸ்அப்பிலும் முகப்புப் படம் வட்டமாகத் தெரியும். மூலையில் எழுதினது வெட்டுப்படும். பூவும் கொடியுமாக நுணுக்கி வரைந்தால் போனில் ஒரு புள்ளிதான் தெரியும். ஒரு நிறம், இரண்டு நிறம் போதும். ஆளாளுக்கு மாதம் ஒரு நிறம் மாற்றாதீர்கள், வாலிபப் பிள்ளைகளுக்குத்தான் சொல்கிறோம்!

படம் எடுக்க ஸ்டூடியோ தேவையில்லை. இஸ்தோப்பு ஓரத்தில், மூட்டம் இறங்க முன், காலை வெளிச்சத்தில், வெள்ளைத் துணி விரித்து எடுங்கள். லைட்டைப் போட்டு ராத்திரியில் எடுத்தால் மிளகாய்த் தூள் செங்கல் தூள் மாதிரித் தெரியும். முதலில் போன் கண்ணாடியைத் துடையுங்கள். பாதிப் படம் அதிலேயே தெளிந்துவிடும்.

வட்ஸ்அப்பில் படம் ஒருவரில் இருந்து ஒருவருக்குப் போகும்போது, கீழே நாம் எழுதினது கூடவே போகும் என்று நம்ப முடியாது. ஆகவே சாமானின் பெயர், குழுவின் பெயர், போன் நம்பர் மூன்றும் படத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். தமிழிலும் சிங்களத்திலும் எழுதினால் டவுன் கடைக்காரரும் வாசிப்பார். விலையை மட்டும் படத்தில் எழுதாதீர்கள். தேங்காயும் எண்ணெயும் விலை ஏறினாலும் பழைய படம் சுத்திக்கொண்டே இருக்கும். பிறகு பழைய விலைக்குக் கேட்டு சண்டை வரும்.

நம்பர் விசயத்தில் கவனம். எந்த ஒரு பிள்ளையின் சொந்த நம்பரையும் போட வேண்டாம். கண்ட கண்ட நேரத்தில் கோல் எடுத்து ஒரு பிள்ளையை அழ வைத்த கதை நமக்குத் தெரியும். குழுவுக்கென்று தனி சிம் ஒன்று எடுத்து, வியாபாரத்துக்கான வட்ஸ்அப்பை அதில் போடுங்கள். அதற்குக் காசு இல்லை, சாமான்களை வரிசையாகக் காட்டவும் இடம் இருக்கிறது.

சிலர் அழகுக்காக வாளேந்திய சிங்கத்தை எடுத்து ஒட்டப் பார்க்கிறார்கள். அது தேயிலைச் சபையின் அடையாளம். இலங்கையிலேயே பொதி செய்த சுத்தமான இலங்கைத் தேயிலைக்கு, அதுவும் அனுமதியோடுதான் போடலாம். மிளகாய்த் தூளுக்குப் போட்டால் வழக்கு நம்ம வாசலுக்கு வரும். தோட்டக் கம்பனியின் அடையாளத்தையும் தொட வேண்டாம். உங்கள் கூடையை வேறொருவர் எடுத்துக்கொள்வார் என்ற பயம் இருந்தால், 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ் அதைப் பதியலாம்; பதிவு 10 வருசத்துக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். அதற்குச் செலவு உண்டு, இப்போதே அவசரம் இல்லை. பொதியில் செய்த திகதி, முடிவுத் திகதி, என்ன என்ன சேர்த்தது என்று எழுதுவதுதான் அவசரம்.

வருகிற ஞாயிறு காலை எட்டரைக்குப் பிள்ளைக் காம்பரா இஸ்தோப்பில் எல்லாக் குழுக்களுக்கும் படம் எடுக்கிறோம். முதல் நாள் செய்த சாமானில் ஒரு பொதி கொண்டு வாருங்கள். வெள்ளைத் துணி எங்கள் பொறுப்பு. போனைச் சார்ஜ் பண்ணிக்கொண்டு வாருங்கள், போன முறை மாதிரி கரண்ட் போனால் நாங்கள் பொறுப்பில்லை.