இரண்டு சாவிகள்

ஏலமலைச் சரிவுகளில் விளையும் ஏலக்காய், உலர்த்தப்பட்டு மலைப்பாதை வழியே போடிநாயக்கனூருக்கு வந்து சேரும். அங்கே தரம் பிரிக்கப்பட்டு, மூட்டைகளாகக் கிட்டங்கியில் அடுக்கப்படும். நான் சிறுவனாக இருந்தபோது அத்தகைய கிட்டங்கி ஒன்றின் கதவில் இரண்டு பூட்டுகள் தொங்கக் கண்டேன். ஒரு சாவி முதலாளியிடம்; மற்றொன்று கணக்கப்பிள்ளையிடம். இருவரும் சேர்ந்து வந்தாலன்றிக் கதவு திறவாது.

"முதலாளிக்கு உங்கள்மேல் நம்பிக்கை இல்லையா, ஐயா?" என்று கணக்கப்பிள்ளையைக் கேட்டேன்.

"தம்பி, நாளை ஒரு மூட்டை குறைந்தால் என் பெயரைக் காப்பாற்றுவது இந்த இரண்டாவது பூட்டுத்தான்" என்றார் அவர்.

மாணவ நண்பர்களே! அணுமின் நிலையங்களைப் பற்றிப் படித்தபோதுதான் அச்சொல்லின் முழுப் பொருளும் எனக்கு விளங்கிற்று. மதிலும் முள்வேலியும் வெளியிலிருந்து வரும் பகைவனைத் தடுக்கும். அனுமதிச் சீட்டுடன் வாயில் வழியே நுழைபவனை அவை என்ன செய்யும்?

கருநாடக மாநிலத்துக் கைகா அணுமின் நிலையத்தில் 2009 நவம்பரில் இவ்வினா எழுந்தது. அங்குள்ள உலைகளில் கனநீர் பயன்படுகிறது. நியூட்ரான்களை ஏற்பதால் அதில் டிரிட்டியம் என்னும் கதிரியக்கப் பொருள் உண்டாகிறது. அத்தகைய கனநீரை யாரோ பணியாளர் பருகும் குடிநீர்க் கலத்தில் கலந்துவிட்டனர். உள்ளே பணிபுரியும் ஒருவரின் செயலாகவே அதிகாரிகள் அதனைக் கருதினர். அதை வெளிப்படுத்தியது காவலரின் துப்பாக்கியன்று. பணியாளரின் சிறுநீரை வழக்கமாகச் சோதிக்கும் எளிய முறையே.

காவலரும் மனிதரே. கல்பாக்கத்தில் 2014 அக்டோபரில் மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படைவீரர் ஒருவர், தம்முடன் பணிபுரிந்த மூவரைச் சுட்டுக் கொன்றார். ஆகவே சோதனை மட்டும் போதாது. உடன் பணிபுரிவோரின் மனக்குறையைக் காலத்தே கேட்டறிவதும் காவலின் ஒரு பகுதியே.

இன்று உலகெங்கும் அணுப்பொருளைக் காப்போர் சில விதிகளை வற்புறுத்துகின்றனர். முக்கியமான இடத்தில் ஒருவர் தனியே இருத்தலாகாது. இருவர் இருத்தல் வேண்டும். தம் பணிக்கு வேண்டிய அறைக்குள் மட்டுமே எவரும் செல்லலாம். பொருளை எடைபோட்டுக் கணக்கில் பதிந்து, இருப்பை அடிக்கடி சரிபார்த்தல் வேண்டும். கிட்டங்கி வழக்கமும் ஏறக்குறைய இதுதானே!

உங்களுள் சிலர் நாளை இத்தகைய நிலையங்களில் பணியாற்றக்கூடும். "நமக்குள் என்ன சோதனை? கையெழுத்திட்டுவிடு" என்று நெருங்கிய நண்பரே சொல்லக்கூடும். அப்போது அந்தக் கணக்கப்பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள். சோதனைக்கு உட்படுவதை அவர் இழிவாக எண்ணவில்லை. தம் நேர்மைக்குக் கிடைத்த சாட்சியாகவே எண்ணினார்.