சங்குப்பிட்டிப் பாதை
(நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



பூநகரியிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்தவர்கள் சார்பில் பேசுகிறோம். "பாதை" என்றால் மற்றவர்களுக்குத் தெரு. எங்களுக்கு அது தண்ணீரில் மிதப்பது. லொறி, சைக்கிள், ஆடு, நெல்மூட்டை, வெள்ளைச் சட்டையோடு நாங்கள், எல்லாரும் ஒரே தட்டில் ஏறிச் சங்குப்பிட்டியிலிருந்து கேரதீவுக்குப் போவோம். அம்மா கட்டித்தந்த புட்டு அக்கரை வருமுன்னரே முடிந்துவிடும்.

போர் வந்தபின் கிளாலியால் இரவில் வள்ளத்தில் கடந்தோம். அதைச் சொல்ல இன்றைய நேரம் போதாது.

2011 ஜனவரியில் சங்குப்பிட்டிப் பாலம் திறந்தது. நீளம் 288 மீற்றர். "பாதைப் பயணம் போச்சே" என்று கவலைப்படும் தோழியருக்கு வைத்தியர்களாக ஒன்று சொல்வோம். பிள்ளைப்பேற்றின் பின் இரத்தப்போக்கு நிற்காத தாய்க்கு நிமிடங்களே கணக்கு. பாதை அக்கரையில் நின்றால் அவள் இக்கரையில் காத்திருக்க வேண்டும். இன்று அம்புலன்ஸ் நிற்காமல் யாழ்ப்பாணம் போகிறது.

ஆசைக்குக் காரைநகர் இருக்கிறது. தேக்கடியில் மூங்கில் தெப்பம் ஏறிய கதையை ஓயாமல் சொன்ன கனடாத் தோழியை, ஊர்காவற்றுறைப் பாதையில் ஏற்றினோம். அக்கரை வரும்வரை அவள் பேசவேயில்லை. பெரிய அதிசயம்!

சங்குப்பிட்டியில் பாதை ஏறிய மூத்த அக்காமார் இன்னும் இருக்கிறீர்கள். யாரோடு போனீர்கள், எவ்வளவு கொடுத்தீர்கள், எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள் என்று எழுதிச் சங்கத்துக்கு அனுப்புங்கோ. கையெழுத்து எப்படியிருந்தாலும் நாங்கள் வாசிப்போம், வைத்தியர்கள்தானே.