மீன் சந்தைத் திடலில் உட்கார்ந்த பெண்கள்

(கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில் களப்பணி ஒருங்கிணைப்பாளர் பேசியது)

 

ஒரு நாட்டில் போர் என்றால் செய்தியில் துப்பாக்கியைக் காட்டுவாங்க, தலைவர்களைக் காட்டுவாங்க. அன்றைக்கு அந்த ஊரில் உலை வைத்தது யார், அரிசி எங்கிருந்து வந்தது என்று யாரும் சொல்வதில்லை. இன்று அதைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

மேற்கு ஆப்பிரிக்காவில் லைபீரியா என்று ஒரு சின்ன நாடு. அவங்களும் நம்மைப் போல சோறு சாப்பிடுகிறவர்கள்தான். மரவள்ளி இலையை இடித்துக் குழம்பு வைப்பார்கள். நம் ஊர்ச் சீட்டு மாதிரி அங்கே 'சுசு' உண்டு. ஆளுக்கு இவ்வளவு என்று போட்டு, முறை வைத்து எடுத்துக்கொள்வார்கள்.

அங்கே 1989-ல் உள்நாட்டுப் போர் தொடங்கியது. நடுவில் ஓய்ந்து, 1999-ல் மறுபடி மூண்டு 2003 வரை நடந்தது. சுமார் இரண்டரை லட்சம் பேர் இறந்ததாகக் கணக்கு. அதிபர் சார்லஸ் டெய்லரின் படையும் சரி, எதிர்த்த குழுக்களும் சரி, பள்ளிக்கூடம் போகவேண்டிய பையன்களைப் பிடித்துத் துப்பாக்கி கொடுத்தார்கள். பெண்கள் பட்ட கொடுமை கொஞ்சமல்ல. ஆனாலும் வயிறு கேட்குமா? சந்தைப் பெண்கள் சோதனைச் சாவடிகளைத் தாண்டிப் போய்ச் சரக்கு வாங்கி வந்து விற்றார்கள். அவர்களால்தான் பல வீட்டில் அடுப்பு எரிந்தது.

லேமா குபோவி என்பவர் சமூகப்பணி படித்தவர், பிள்ளைகளின் தாய். அவரும் தோழிகளும் வெள்ளிக்கிழமை மசூதி, சனிக்கிழமை சந்தை, ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் என்று போய்ப் பெண்களைத் திரட்டினார்கள். 2003 ஏப்ரலில் கிறிஸ்தவப் பெண்களும் முஸ்லிம் பெண்களும் வெள்ளை உடையில் தலைநகர் மன்ரோவியாவின் மீன் சந்தை அருகே, அதிபர் போகும் சாலையோரம் உட்கார்ந்தார்கள். வெயிலிலும் மழையிலும் தினமும் உட்கார்ந்தார்கள். கேட்டது ஒன்றே ஒன்று: சமாதானம்.

ஜூனில் கானா நாட்டில் பேச்சுவார்த்தை தொடங்கியது. வாரக்கணக்கில் இழுத்தது. இங்கே மன்ரோவியாவில் குண்டு விழுகிறது, அரிசி கிடைக்கவில்லை. அங்கே யாருக்கு எந்தப் பதவி என்ற பேரம். ஜூலையில் பெண்கள் கைகோத்து மண்டப வாசலை மறித்துவிட்டார்கள். ஆகஸ்ட் 11-ல் டெய்லர் நாட்டைவிட்டுப் போனார். 18-ல் ஒப்பந்தம் கையெழுத்தானது. இது பெண்களால் மட்டும் நடந்ததில்லை. அண்டை நாடுகளின் நெருக்கடியும் இருந்தது. ஆனால் அவர்கள் இல்லாமலும் நடந்திருக்காது.

2005 தேர்தலுக்குப் பெயர் சேர்க்கும்போது, சந்தைப் பெண்களின் கடையையும் கைக்குழந்தையையும் மற்ற பெண்கள் பார்த்துக்கொண்டு அவர்களை அனுப்பினார்கள். அந்தத் தேர்தலில் எலன் ஜான்சன் சர்லீஃப் அதிபரானார். 2011-ல் அவருக்கும் குபோவிக்கும் நோபல் அமைதிப் பரிசு கிடைத்தது. ஏமன் நாட்டுப் பெண் ஒருவரும் அதில் பங்கு பெற்றார்.

சகோதரிகளே, நம் பகுதியில் ஒரு ஊர். பேர் வேண்டாம். பஞ்சாயத்துத் தேர்தலில் ஊர் இரண்டு கோஷ்டியானது. குழுவின் இரண்டு பிரதிநிதிகளும் ஆளுக்கொரு கோஷ்டி. "அவ கையெழுத்துப் போடுற சீட்டுல நான் போட மாட்டேன்" என்று நின்றார்கள். ஐந்து வாரம் கூட்டம் இல்லை, உள்கடன் இல்லை. ஓர் உறுப்பினர் மகளின் கல்லூரிக் கட்டணத்தைக் கந்துவட்டிக்கு வாங்கிக் கட்டினார். அந்தக் கடன் இன்னும் ஓடுகிறது. "தேர்தல் முடியட்டும்" என்று நாங்களும் அந்த ஊருக்குப் போகாமல் இருந்துவிட்டோம். அது எங்கள் தவறு.

லைபீரியா பட்ட துன்பத்தோடு இதை ஒப்பிட முடியாது. ஆனால் குண்டு விழுந்த ஊரிலேயே இரண்டு மதத்துப் பெண்கள் ஒரே பாயில் உட்கார்ந்தார்கள் என்றால், நம்மால் வாரம் ஒரு மணி நேரம் உட்கார முடியாதா? சண்டையை மறக்கச் சொல்லவில்லை. வீட்டில் வைத்துவிட்டு வாங்க என்றுதான் சொல்கிறோம்.

இந்த மாதம் ஒவ்வொரு குழுவும் தீர்மானப் புத்தகத்தில் எழுதுவோம்: ஊரில் என்ன நடந்தாலும் நம் கூட்டம் நிற்காது, கையெழுத்தும் நிற்காது.