பச்சை மண்



பிறந்த குழந்தையைப் 'பச்சை மண்' என்பது நம்மவர் பேச்சு வழக்கு. சூளையின் நெருப்பைக் காணாத களிமண்ணுக்கும் அதுவே பெயர். இந்த இரண்டு பச்சை மண்ணையும் ஒரே பாயில் இருத்திச் செய்யும் வேலையைப் பற்றி இன்று உங்களுடன் பேச விழைகிறேன்.

மண்ணால் உருச் செய்வது நமக்குப் புதிய கலையன்று. சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதை, புகார் நகரத்து வினைஞர்களைச் சொல்லி வரும்போது மண்ணீட்டாளரையும் சேர்த்தே சொல்கிறது. மட்டக்களப்பிலே, போரின் நடுவே, 1996ஆம் ஆண்டில் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா தொடங்கியது. கனேடியக் கலைஞர் போல் ஹோகனும் இயேசு சபைத் துறவி போல் சற்குணநாயகமும் அதன் முன்னோடிகள். தமிழ், முஸ்லிம் கிராமங்களின் பிள்ளைகள் அங்கே ஒன்றாயிருந்து படம் வரைந்தார்கள், கதை சொன்னார்கள், மண் பிசைந்தார்கள்.

அந்த வழியைப் பார்த்தே, 2004 டிசம்பர் 26ஆம் திகதிக் கடற்கோளுக்குப் பின், கரையோரத்திலிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்கள் தங்கியிருந்த வாவிக்கரை ஊரொன்றில் சனிக்கிழமைகளில் களிமண் வகுப்பு நடத்தினேன். சூளைக்கு அங்கே வசதியில்லை. காற்றில் உலர்ந்து இறுகும் களியே பொருத்தம். கடையில் பொதியாக விற்பதை முப்பது பிள்ளைகளுக்கு வாங்கக் கட்டுப்படியாகாது. ஆகவே குளத்து மண்ணை அரித்தெடுத்து, ஊறவைத்த பழைய பத்திரிகைத் தாளைக் கூழாக்கிக் கலந்தோம். கடதாசியின் நார் மண்ணைப் பிடித்துக்கொள்ளும், வெடிப்புக் குறையும்.

பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய விதிகள் சிலவே. சுவர் சுண்டுவிரல் பருமனுக்கு மேல் போகக்கூடாது. ஒட்டும் இரு முகங்களிலும் கீறலிட்டுக் களிக்குழம்பு பூச வேண்டும். வெய்யிலில் வைக்கக்கூடாது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் மேல்தோல் ஒரே நாளில் காய்ந்துவிடும்; உள்ளே ஈரம் நிற்கும்; பொருள் பிளந்துவிடும். அப்போது ஈரத்துணியால் மூடி மெல்ல உலர்த்த வேண்டும். மாரியிலோ ஒரு வாரமானாலும் காயாது. காற்றையும் ஓர் ஆசிரியராகவே பிள்ளைகள் ஏற்றுக்கொண்டார்கள்.

ஒரு சிறுமி வாராவாரம் வீடொன்று செய்வாள். வாசல், திண்ணை, கிணறு எல்லாம் இருக்கும். வகுப்பு முடியும் வேளையில் அதைத் தண்ணீர் வாளிக்குள் இறக்கிவிட்டு, கரைவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். உதவிக்கு வந்தவர்கள் தடுக்கப் பார்த்தார்கள்; நான் விடச் சொன்னேன். ஒருநாள், "குயவர் வீட்டுச் சூளையில் சுட்டுத் தரட்டுமா, மகள்?" என்று கேட்டேன்.

"வேண்டாம் சேர். சுட்டால் பிறகு கரையாதே" என்றாள்.

அவள் சொன்னது முற்றிலும் சரி. சுமார் 600 பாகை வெப்பத்தில் மண் தனக்குள்ளே கட்டுண்ட நீரை இழந்துவிடுகிறது. அதன் பின் அது ஓடுதான், மண்ணாகத் திரும்பாது. காற்றில் உலர்ந்ததோ எத்தனை நாள் கழித்தும் தண்ணீர் பட்டால் இளகும். வீட்டை நீர் கொண்டுபோனதைக் கண்ட பிள்ளைக்கு, நீர் கரைத்த வீட்டை மறுபடி தன் கையால் எழுப்ப முடியும் என்பது சின்ன விஷயமா?

அக்காலத்தில் பட்டறைகளுக்கு உதவியவர்களில் சிலர், எத்தனை பொருள் செய்தீர்கள், கண்காட்சி எப்போது என்று கேட்பதுண்டு. வாளியின் அடியில் கிடந்த சேற்றை எந்தக் கணக்கில் எழுதுவது? அடுத்த சனிக்கிழமைக்கு அதுவே எங்கள் மூலப்பொருள் என்று மட்டும் பதில் சொன்னேன்.

மழைக்காலம் தொடங்கிய ஒரு சனிக்கிழமை அவள் வாளிப் பக்கம் போகவில்லை. வீட்டை ஒரு பலகையில் ஏற்றி, ஈரத்துணியால் மூடி, சுவரோர நிழலில் வைத்தாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. "காய எத்தனை நாள் செல்லும் சேர்?" என்று அவள்தான் கேட்டாள். மாரிக் காற்று, பத்து நாளாவது பொறுக்க வேண்டும் என்றேன். தலையசைத்துவிட்டுக் கை கழுவப் போனாள்.